தலைமுடி வானேறிய கதை

2010 பிப்ரவரி 5, 6 ஆகிய இரு நாட்களில் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக ஒரு பெரும் பனிப்புயல் ஏறி வந்தது. பிலடெல்பியாவில் 28.5 அங்குலம் வெண்பனி குவிந்தது; நிற்கிற ஆளின் தொடையை எட்டும் உயரம். அங்கிருந்து நியூயார்க் காரில் இரண்டு மணி நேரப் பயணம்தான். அந்த நகரத்தின் சென்ட்ரல் பார்க்கில் அளவுகோல் வைத்து அளக்கும்படி எதுவும் விழவில்லை. வடக்கே நிலைகொண்டிருந்த உயர் அழுத்தம் புயலைத் தெற்குப் பக்கமாக அழுத்தி வைத்திருந்தது. அதிலிருந்து இறங்கி வந்த வறண்ட காற்று, பனியின் வடக்கு ஓரத்தைக் கத்தியால் நறுக்கியதுபோல் நறுக்கிவிட்டது.

நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்பது. காற்று தன்னிடம் இருக்கும் ஈரத்தைத் தாங்க முடியாமல் கீழே வைத்துவிடுவதால் பிறப்பது அது. இங்கே நான் சொல்ல வருவது அதற்கு நேர்மாறான காரியம். மேகத்திலிருந்து புறப்பட்டு இறங்கும் வெண்பனியை, தரையைத் தொடும் முன்பே காற்று குடித்துவிடுகிறது. மேகம் இருக்கும், ரேடார் திரையில் பனி பெய்வதாக நிறமும் காட்டும், ஆனால் தெருவில் ஒரு துகள் இருக்காது. அந்தரத்தில் தொங்கிக் கரையும் இந்த மழைத் திரைக்கும் பனித் திரைக்கும் வானிலைக்காரர்கள் ‘விர்கா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லத்தீனில் சுள்ளி, கோல் என்று பொருள்.

ஆகவே ஓர் ஊரில் எத்தனை அங்குலம் பனி விழும் என்று சொல்ல வேண்டியவர், மேகத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. மேகத்துக்கும் தரைக்கும் நடுவில் உள்ள காற்றுக்கு எவ்வளவு தாகம் என்பதும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தத் தாகத்தை அளக்கும் கருவி பிறந்த கதைதான் இது. அது ஒரு தலைமுடியில் தொடங்குகிறது.

ஜெனீவாக்காரரான ஓராஸ் பெனடிக்ட் டி சொசூர் மலைப் பைத்தியம். 1740-இல் பிறந்தவர். மோன் பிளாங் சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக இருபது வயதிலேயே அறிவித்தார். கால் நூற்றாண்டுக்குப் பின் 1786-இல் வேறு இருவர் அந்தச் சிகரத்தை எட்டினார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் அவரே ஏறினார், சுமைகூலிகளின் முதுகில் வெப்பமானியும் அழுத்தமானியும் ஏற்றிக்கொண்டு. மலையில் ஏற ஏற உதடு வெடிப்பதையும் தோல் காய்வதையும் எல்லோரும் உணர்ந்திருந்தார்கள். சொசூர் அதற்கு ஓர் எண் வேண்டும் என்றார்.

தலைமுடி ஈரத்தில் நீளும், வறட்சியில் சுருங்கும். எண்ணெய் வழியும் முடியை வைத்து இதைப் பார்க்க முடியாது. அதனால் அவர் மெல்லிய, சுருளாத முடியைத் தேர்ந்தெடுத்து, சோடா உப்புக் கரைசலில் கொதிக்க வைத்துப் பிசுக்கை எடுத்தார். ஒரு முனையைக் கட்டி, மறு முனையைச் சிறு அச்சில் சுற்றி, அச்சில் ஒரு முள்ளைப் பொருத்தினார். முழு வறட்சியிலிருந்து முழு ஈரம் வரை போனால் முடியின் நீளம் நூற்றுக்கு இரண்டு, இரண்டரை பங்குதான் கூடும். ஒரு சாண் முடியில் இது அரை சென்டிமீட்டர் அளவுதான். அந்தச் சிறு அசைவை அச்சும் முள்ளும் பெரிதாக்கிக் காட்டின. உள்சுவரை நனைத்த கண்ணாடி மணிக்குள் வைத்தபோது முள் நின்ற இடம் நூறு. ஈரம் உறிஞ்சும் உப்போடு மூடி வைத்தபோது நின்ற இடம் சுழியம். 1783-இல் ஈரப்பத அளவியல் பற்றிய நூலை வெளியிட்டு அதில் இந்த முடி ஈரப்பதமானியை உலகுக்குச் சொன்னார்.

உடனே சண்டையும் வந்தது. ஜெனீவாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஜான் ஆந்த்ரே டெலுக், திமிங்கிலத்தின் வாய்க்குள் இருக்கும் தகட்டிலிருந்து மெல்லிய கீற்று சீவி அதை வைத்து ஈரப்பதமானி செய்திருந்தார். முடியா, திமிங்கிலத் தகடா என்று இருவரும் நூல் எழுதிச் சண்டையிட்டார்கள். 1788-இல் சொசூர் தன் முடிக்காக ஒரு தற்காப்பு நூலே எழுதினார். காலம் முடியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எந்த ஊரிலும் கிடைக்கும், எந்தத் தலையிலும் கிடைக்கும் பொருளாயிற்றே.

முடிக்கு ஒரு போட்டியாளர் பின்னர் பிறந்தார். அவரைப் பற்றிச் சொல்ல நமக்கு மண்பானை போதும். பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையிடமிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. கடற்காற்று வீசும் சென்னையில் பானைத் தண்ணீர் சுமாராகத்தான் குளிரும், கோடையில் காய்ந்து கிடக்கும் உள்மாவட்டங்களில் பல் கூசும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றினாலும் இதேதான் நடக்கிறது. ஈரக்குமிழ் காட்டும் எண்ணுக்கும் பக்கத்தில் உலர்ந்த குமிழ் காட்டும் எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் காற்றின் தாகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் எர்ன்ஸ்ட் ஃபெர்டினண்ட் ஆகஸ்ட் இந்த இரட்டை வெப்பமானியைச் செம்மைப்படுத்தி ‘சைக்ரோமீட்டர்’ என்று பெயரிட்டார். குளிர்ச்சியை அளப்பது என்று பொருள்.

பனி முன்கணிப்பின் உயிர்நிலை இந்த ஈரக்குமிழில் இருக்கிறது. தரையில் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 4 டிகிரியில் பனி எப்படி விழும், மழைதானே பெய்யும் என்று தோன்றும். ஆனால் அந்தக் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலை சுழியத்தை ஒட்டிச் சற்றுக் கீழே நிற்கும். மேலிருந்து வரும் துகள்கள் ஆவியாக ஆவியாகக் காற்று பானைத் தண்ணீர்போல் குளிர்ந்துகொண்டே போய் அந்த எண்ணில் வந்து நிற்கும். மழையாகத் தொடங்கியது ஒரு மணி நேரத்தில் வெண்பனியாக மாறிவிடும். பனியைக் கொல்லும் அதே வறட்சிதான் சில இரவுகளில் பனியைக் காப்பாற்றவும் செய்கிறது. இந்த இரட்டை முகத்தைப் புரிந்துகொள்ளாமல் கிழக்குக் கரையின் எந்தப் பனி அறிவிப்பையும் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம்.

சரி, தரையில் அளக்கத் தெரிந்தாயிற்று. தாகம் இருப்பதோ தலைக்கு மேல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில். அங்கே கருவியை யார் கொண்டுபோவது?

முதலில் மனிதர்களே கொண்டுபோனார்கள். 1862 செப்டம்பர் 5 அன்று இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் நகரிலிருந்து ஜேம்ஸ் கிளெய்ஷர், ஹென்றி காக்ஸ்வெல் இருவரும் எரிவாயு நிரப்பிய பலூனில் கிளம்பினார்கள். கிளெய்ஷரின் பலகையில் உலர்குமிழும் ஈரக்குமிழும் இருந்தன. கூடவே கூண்டில் புறாக்கள். ஏறிக்கொண்டே போன பலூனில் கிளெய்ஷருக்கு முதலில் எண்கள் மங்கின, பின் கை செயலற்றது, பின் நினைவும் போயிற்று. காக்ஸ்வெல்லின் கைகளும் குளிரில் மரத்துவிட்டன. சிக்கிக்கொண்டிருந்த அடைப்பிதழின் கயிற்றை அவர் பல்லால் கடித்து இழுத்தார். வாயு வெளியேறி பலூன் இறங்கியது. 29,000 அடிக்கு மேல் போயிருந்தார்கள். நினைவு திரும்பிய கிளெய்ஷர் முதலில் தேடியது பென்சிலை, விட்ட இடத்திலிருந்து அளவுகளைக் குறித்துக்கொள்ள. நாளைக்குப் பனி வருமா என்று சொல்ல ஒவ்வொரு நாளும் ஒரு மனிதரை இப்படிச் சாவின் விளிம்புக்கு அனுப்ப முடியாதல்லவா.

அடுத்து ஆளில்லாத பலூன்கள் வந்தன. பாரிசுக்கு அருகே திராப் என்ற சிற்றூரில் லெயோன் தெசெராங் டி போர் 1896-இல் தன் சொந்த ஆய்வகத்தைத் தொடங்கி, அளவுகளைத் தானே வரைந்துகொள்ளும் கருவிகளை நூற்றுக்கணக்கில் வானேற்றினார். வளிமண்டலம் ஒரு உயரத்துக்கு மேல் குளிர்வதை நிறுத்திவிடுகிறது என்று 1902-இல் அவர் அறிவித்தது பெரும் கண்டுபிடிப்பு. ஆனால் அந்தக் கருவி எங்கோ வயலில் விழும். யாராவது கண்டெடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு நாளோ வாரமோ ஆகும். அறிவியலுக்கு அது போதும். இன்றிரவு பள்ளியை மூடலாமா, சாலையில் உப்புத் தூவும் லாரிகளை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்பவருக்கு அதனால் பயனில்லை.

அந்தத் தாமதத்தை வானொலி முறித்தது. அதே திராப் ஊரிலிருந்து 1929 ஜனவரி 7 அன்று ரொபேர் பியூரோ அளவுகளை வானிலிருந்தே அனுப்பும் பலூனைப் பறக்கவிட்டார். ‘ரேடியோசோண்டு’ என்ற பெயரும் அவர் வைத்ததே. சோண்டு என்பது பிரெஞ்சில் கடலாழம் பார்க்க இறக்கும் நூற்குண்டு. கடலுக்குள் கீழே விட்ட நூலை மேலே விட்டார்கள். ஓராண்டு கழித்து, 1930 ஜனவரி 30 அன்று, லெனின்கிராடு அருகே பாவெல் மொல்சானோவ் தன் கருவியை ஏற்றினார். 1931 டிசம்பர் இறுதியில் ஃபின்லாந்தில் வில்ஹோ வைசலா தன்னுடையதை. மூன்று நாடுகளில் மூன்று ஆண்டுகளுக்குள் ஒரே எண்ணம் பிறந்திருக்கிறது. வைசலா 1936-இல் ஒரு நிறுவனமே தொடங்கிவிட்டார். அதே ஆண்டு அவருடைய 20 கருவிகள் பாஸ்டனுக்கு அருகே மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த கார்ல் குஸ்தாவ் ராஸ்பிக்குப் போயின. பனிப்புயல் காலம் வந்தால் விழித்திருக்கும் ஊர் அது.

அந்தக் காலத்து ரேடியோசோண்டுகள் பலவற்றில் ஈரத்தை அளந்தது எது தெரியுமா? தலைமுடிதான். வானொலி, மின்கலம், ரப்பர் பலூன் என்று எல்லாம் புதிதாகிவிட்ட பிறகும், பெட்டிக்குள் சொசூரின் முடி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. சொசூர் சொன்ன முடி நூற்றைம்பது ஆண்டு கழித்து வானொலியோடு சேர்ந்து மேகத்தைத் தாண்டியது. பிரிட்டிஷ் கருவிகளில் முடிக்குப் பதிலாக மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வு. பொற்கொல்லர்கள் தங்கத் தகட்டை அடித்து மெலிதாக்கும்போது இடையில் வைக்கும் அதே சவ்வு. மழைக்காலக் கச்சேரியில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்குவதைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. உயிரிலிருந்து எடுத்த தோலும் முடியும் காற்றின் ஈரத்தை மறப்பதே இல்லை.

ஆனால் முடி தாமதமாகப் பேசும். குளிர் கூடக் கூட இன்னும் தாமதம். கடுங்குளிரில் கிட்டத்தட்ட ஊமை. பலூன் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறுகிறது, அதாவது நிமிடத்துக்கு 300 மீட்டர். 600 மீட்டர் தடிமனுள்ள ஒரு வறண்ட அடுக்கைக் கடக்க இரண்டே நிமிடம். மேலடுக்குக் குளிரில் முடி சுருங்கி முடிப்பதற்குள் பலூன் அந்த அடுக்கைத் தாண்டி அடுத்த மேகத்துக்குள் நுழைந்திருக்கும். தரையில் உட்கார்ந்து சமிக்ஞையைக் கேட்டவருக்குக் கிடைத்தது மழுங்கிய படம். கூர்மையான வறண்ட அடுக்கு இருந்த இடத்தில் அரைகுறை ஈரம் தெரிந்தது. பனி முன்கணிப்பாளருக்கு வேண்டியதோ அந்தக் கூர்மைதான்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரையிலிருந்து 2 கிலோமீட்டர் வரை காற்று வறண்டிருக்கிறது. சராசரி வெப்பநிலை கழித்தல் 3 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடு. பனித்துகள் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் மெதுவாக மிதந்து இறங்குவது. இந்த அடுக்கைக் கடக்க அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அது தேய்ந்துகொண்டே வரும். நீராக உருகாமல் நேரே ஆவியாகப் பதங்கமாகும். ஒரு கிலோ பனி அப்படி ஆவியாக ஏறத்தாழ 28 லட்சம் ஜூல் வெப்பத்தைக் காற்றிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். காற்று மூன்று டிகிரி குளிர்ந்து, ஈரத்தில் நிறைந்து, இனிமேல் வேண்டாம் என்று சொல்ல, சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ பனியைக் குடித்திருக்கும். தரையில் விழுந்திருந்தால் அது ஓர் அங்குலத்துக்கு மேல். எத்தனை அங்குலம் என்று ஊரே காத்திருக்கும் இரவில், முதல் அங்குலம் காற்றுக்குத்தான்.

இது ஒரே முறை கட்டும் வரி என்றால் முன்கணிப்பாளர் கழித்துவிட்டுப் போய்விடலாம். அடுக்கு மேலிருந்து கீழாக நனைந்துகொண்டே வரும். கடைசியில் பனி தரையைத் தொடும். சிக்கல் என்னவென்றால் காற்று நின்ற இடத்தில் நிற்பதில்லை. வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ புதிய வறண்ட காற்று வந்துகொண்டே இருந்தால், நனைந்த காற்று நகர்ந்துவிடும், தாகம் கொண்ட புதுக்காற்று அந்த இடத்தில் வந்து உட்காரும். ஓட்டைப் பானையில் நீர் ஊற்றிய கதை. 2010-இல் பிலடெல்பியாவுக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் ஓர் இடத்தில், மேகம் கொடுப்பதும் காற்று குடிப்பதும் சரிசமமாக நின்றிருக்கின்றன. அந்த ஓரம் 30 கிலோமீட்டர் வடக்கே போகுமா, தெற்கே போகுமா என்பதில்தான் ஒரு மாவட்டத்தின் அறிவிப்பு முழுதும் சரியாவதும் முழுதும் பொய்யாவதும். புயலின் பாதையைச் சரியாகச் சொன்னவர்கூட இந்த ஓரத்தில் வழுக்கி விழுவார். அவரைத் திட்டுவோருக்கு நான் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்: அவர் தவறவிட்டது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை.

ரேடாரும் கைகொடுக்காது. ரேடாரின் கதிர் சற்று மேல்நோக்கிச் சாய்ந்து போகிறது. பூமியோ வளைந்து இறங்குகிறது. 100 கிலோமீட்டர் தொலைவை எட்டும்போது கதிர் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே பனி இருக்கிறது என்று அது சொல்வது உண்மை. அதற்குக் கீழே என்ன ஆயிற்று என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே வேகமான ஈரவுணரி வேண்டியிருந்தது. 1930-களில் முடியை உருளைகளுக்கிடையே நசுக்கித் தட்டையாக்கிப் பார்த்தார்கள். கொஞ்சம் வேகம் கூடியது. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் டன்மோர், ஈரம் ஏறினால் மின்தடை இறங்கும் லித்தியம் குளோரைடு உப்புப் பூச்சைக் கொண்டுவந்தார். பிறகு கரித்தூள் பூசிய பட்டைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை இருந்தது. அதையெல்லாம் விரிக்க வேண்டாம்.

பெரிய திருப்பம் 1973-இல், மறுபடியும் ஃபின்லாந்தில். வைசலா நிறுவனத்துக்காக டுவோமோ சுண்டோலா என்ற இயற்பியலர் நகத்தைவிடச் சிறிய ஓர் உணரியை உருவாக்கியிருந்தார். இரண்டு மின்முனைகள், நடுவில் கண்ணுக்குத் தெரியாத தடிமனில் ஒரு பாலிமர் படலம். காற்றில் ஈரம் கூடினால் படலம் கொஞ்சம் நீரை உள்வாங்கும், குறைந்தால் விட்டுவிடும். மின்தேக்கியாகிய அதன் கொள்ளளவு அதற்கேற்ப மாறும். அவ்வளவுதான் தத்துவம். இழுக்க முடி இல்லை, அச்சில்லை, முள்ளில்லை. ஹ்யூமிகேப் என்று பெயர் வைத்தார்கள். படலம் மெல்லியது என்பதால் நீர் உள்ளே போகவும் வெளியே வரவும் நொடிகள் போதும். 1980-களில் அது ரேடியோசோண்டுகளில் ஏறியது. வறண்ட அடுக்கு தன் கூர்மையோடு தாளில் விழத் தொடங்கியது.

உணரி வேகமானாலும் பலூன்கள் குறைவு. அமெரிக்கா முழுவதற்கும் ஏறத்தாழ 90 நிலையங்கள். வழக்கமாக நாளைக்கு இரு முறை. பிலடெல்பியாவில் பலூன் நிலையம் கிடையாது. ஒரு பக்கம் லாங் ஐலண்டின் அப்டன், மறுபக்கம் வாஷிங்டனை அடுத்த ஸ்டெர்லிங். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஊர்களின் தாகத்தை ஊகித்துத்தான் அறிய வேண்டும். பெரும் புயல் நெருங்கும்போது ஆறு மணி நேரத்துக்கு ஒரு பலூன் விடுகிறார்கள். சில விமானங்களிலும் ஈரவுணரி பொருத்தியிருக்கிறார்கள். அவை ஏறும்போதும் இறங்கும்போதும் அளவு தருகின்றன. கணினி மாதிரிகள் இந்த அளவுகளை விழுங்கித்தான் நாளையைச் சொல்கின்றன. கொடுத்த வறட்சி தவறானால் சொல்லும் அங்குலமும் தவறும்.

அப்டனில் குளிர்காலத்து மாலை 7 மணிக் கணக்குக்கான பலூன் அதற்குச் சற்று முன்பே புறப்படுகிறது. அதே கணக்கு நம் கடிகாரத்தில் காலை 5.30, சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் அந்த வேளைக்கு ஒரு பலூன் ஏறும், வேறொரு வானத்தின் ஈரத்தைக் கேட்க. அப்டன் பலூனின் அளவுகள் திரையில் இரண்டு கோடுகளாக விரியும். வலப்பக்கக் கோடு வெப்பநிலை, இடப்பக்கக் கோடு பனிநிலை, அதாவது காற்று ஈரத்தால் நிறைந்துவிடும் வெப்பநிலை. மேகத்துக்குள் இரண்டும் ஒட்டிக்கொண்டு போகும். வறண்ட அடுக்கில் இடக்கோடு சட்டென்று விலகி ஓடும். நடுவில் வெறும் இடம். முன்கணிப்பாளர் அந்த வெற்றிடத்தைத்தான் நெடுநேரம் பார்க்கிறார். அடுத்த பலூன் ஆறு மணி நேரம் கழித்து ஏறுகிறது. இடைவெளி மேலிருந்து மூடிக்கொண்டு வந்து, தரைக்கு மேல் 400 மீட்டர் வரை இறங்கியிருக்கிறது. வெளியே வாகன நிறுத்தத்தின் விளக்கொளியில் இன்னும் ஒன்றும் விழவில்லை. கதவைத் திறந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடி வந்து உட்காருகிறார்.